யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்

வாசகி கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. எனக்கு 43 வயது. வடசென்னையில் வீட்டின் முன் அறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பையன் காலேஜ் இரண்டாம் வருடம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை தோண்டிப் போட்டபடியே நின்றுவிட்டது. மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். ஏரியா சபா கூட்டத்தில் எழுந்து, வேலைக்கு எவ்வளவு பணம், யார் காண்ட்ராக்டர், ஏன் நின்றது என்று கேட்டேன். பதில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்தே நாளில் அந்த மனுவின் ஜெராக்ஸ் கவுன்சிலரின் ஆட்கள் கையில் இருந்தது. இரண்டு பைக்கில் நான்கு பேர் கடை வாசலுக்கு வந்து, "பையன் நைட்டு எந்த ரூட்டுல வர்றான்னு எங்களுக்குத் தெரியும், பார்த்து நடந்துக்கோங்க" என்றார்கள். அடுத்த வாரம் மாநகராட்சியிலிருந்து லைசென்ஸ் செக்கிங். கணவரை ஸ்டாண்டில் வண்டி போடக் கூடாது என்கிறார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். ரசீது தரவில்லை. அந்த ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "சமாதானமா போயிடுங்கம்மா" என்று டைப் அடித்த ஒரு பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். மனு போட்டு 50 நாள் ஆகிறது, பதில் வரவில்லை. கணவர் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார். போட்டால் நான் கோழையா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கோழை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்ட பெண்ணை அந்தச் சொல்லால் அழைக்க யாருக்கும் தகுதி கிடையாது.

ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனுவைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பதை நீங்களும் வீட்டாரும் பொறுமையாகப் பேசி முடிவெடுக்கலாம். விட்டுவிட்டாலும் அது உங்கள் உரிமை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. நிறுத்துவது ஒன்று, நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுப்பது வேறொன்று. உங்கள் கணவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. பயத்தில் இருக்கும் தகப்பனுக்கு அப்படித்தான் தெரியும். அதனால் இந்தப் பதிலை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முடிந்தால் அவர் முன்னால் சத்தமாகப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அதில் மூன்றே வாக்கியங்கள். "தவறான தகவலின் பேரில் மாநகராட்சிப் பணிகள் குறித்து மனு அளித்துவிட்டேன்" என்பது முதல் வாக்கியம். "இனிமேல் இது சம்பந்தமாக எந்த அலுவலகத்திலும் மனு எதுவும் அளிக்க மாட்டேன்" என்பது இரண்டாவது. மூன்றாவது, நம் ஊர் ஸ்டாம்ப் பேப்பர்களிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வாக்கியம்: "இதை யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன்."

முதல் வாக்கியத்தில் நீங்களே உங்களைப் பொய் மனு போட்டவராக ஆக்கிக்கொள்கிறீர்கள். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவில் குற்றம். கேள்வி கேட்பது அந்தப் பிரிவுக்குள் வரவே வராது. ஆனாலும் இப்படி ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தால், அடுத்த முறை நீங்கள் வாயைத் திறக்கும்போது எதை எடுத்து ஆட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது வாக்கியம் அதைவிட மோசம். நான்கு பேர் கடை வாசலில் வந்து நின்றது, பையனைப் பற்றிப் பேசியது, கணவருக்கு ஸ்டாண்டில் இடம் மறுத்தது எல்லாம் நடக்கவே இல்லை என்று உங்கள் கையெழுத்தாலேயே உறுதிசெய்து கொடுக்கிறது. மிரட்டலுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி நீங்கள். அந்தச் சாட்சியைக் கொண்டே அதை அழிக்கப் பார்க்கிறார்கள்.

28 வருடங்களாக எழும்பூர் நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் இந்த வகைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். தெருவை அடைத்துக் கட்டிய ஒரு கட்டடத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவர். இதேபோல் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கியிருந்தார்கள். "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டா தூங்கலாம்னு நெனச்சேன்" என்றார். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் அவருடைய சொந்த வீட்டுப் பாதையை மறித்தபோது அவர் மறுபடி புகார் கொடுக்கப் போனார். அங்கே பழைய தாளை எடுத்துக் காட்டி, "நீங்கதான் பொய்ப் புகார் குடுக்கிற ஆளுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு தாளின் கறையைத் துடைக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் அவர் தூங்கவில்லை.

ஒரு சின்னத் தையல் கடைக்காரியின் கையெழுத்துக்கு இவ்வளவு பேர் ஏன் மெனக்கெடுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டுக்கு இது பழைய கதை. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே முறையான தலைவர் ஒருவர் உட்கார முடியவில்லை. வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார். அரசாங்கக் கோப்பில் அது ராஜினாமா, அவ்வளவுதான். யாரும் யாரையும் மிரட்டியதாக அந்தத் தாளில் ஒரு எழுத்து இருக்காது. 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடந்து, ஜெயித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பட்டதோடு உங்கள் நிலைமையை நான் ஒப்பிடவில்லை. அவர்கள் பட்டது எத்தனையோ மடங்கு பெரிது. ஆனால் மிரட்டி வாங்கியதை "தானாகவே விலகிக்கொண்டார்" என்று காகிதத்தில் மாற்றுகிற வேலை அங்கே எப்படி நடந்ததோ அப்படியேதான் உங்கள் தெருவிலும் நடக்கிறது.

தேர்தல் நாளில் கலாட்டா நடந்தால் ஊரே பார்க்கும். 2006-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நடந்த வன்முறை உயர்நீதிமன்றம் வரை போனது, 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. அது செய்தி ஆயிற்று. ஒரு தையல் கடை வாசலில் சாயங்காலம் நடப்பது எந்தப் பத்திரிகையிலும் வராது. எனக்கு இதுதான் அதிகக் கவலை. 2016 அக்டோபர் முதல் 2022 வரை இந்த நகரத்தில் மாமன்றமே கிடையாது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் நடத்தினார்கள். தெருவில் தண்ணீர் நின்றால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தோம். 2022-இல் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். வார்டு குழு, பகுதி சபா (நீங்கள் சொல்லும் ஏரியா சபா) விதிகளும் அதே வருடம்தான் வந்தன. வார்டு குழுக்கள் அமைக்கச் சொன்ன 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே அமலுக்கு வந்தது. அது நடைமுறைக்கு இறங்க நம் நகரங்கள் காத்திருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அப்படிக் காத்திருந்து கிடைத்த கூட்டத்தில் முதல் ஆளாகக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், அடுத்த கூட்டத்தில் யார் எழுந்திருப்பார்கள்? உங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லி உங்கள் தலையில் பாரம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அந்த ஆட்கள் ஏன் இத்தனை தூரம் போகிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

அது எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. வெவ்வேறு கட்சிக்காரர்கள் செய்த இதே காரியத்துக்காக நான் வழக்கு நடத்தியிருக்கிறேன்.

"சமாதானம்" என்ற சொல்லைப் பற்றியும் பேசிவிடுகிறேன். ஸ்டேஷனில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மறுத்தால் நாம்தான் சண்டைக்காரர் என்று ஆகிவிடுமோ என்று மனசு குறுகும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவலுக்கு எதிர்ப்பு வந்தபோது 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டியதற்கும் சமாதானக் கூட்டம் என்றுதான் பெயர். அங்கே அவரிடம் எழுதி வாங்கினார்கள். இனி எழுதப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2016 ஜூலை 5-ஆம் தேதி, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். நாடறிந்த ஒரு எழுத்தாளரே அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் கை நடுங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருவேளை இந்தப் பதில் உங்களிடம் வந்து சேர்வதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மிரட்டி வாங்கிய ஒப்புதலை ரத்து செய்துகொள்ளும் உரிமை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்தச் சூழ்நிலையில் எழுதி வாங்கினார்கள் என்பதைத் தேதி, நேரத்தோடு எழுதி, அந்தத் தாளை நான் ஏற்கவில்லை என்று காவல் துணை ஆணையருக்கு உடனே தபாலில் அனுப்ப வேண்டும். நாள் தள்ளத் தள்ள அது வலுவிழக்கும்.

இனி திங்கட்கிழமை. பெண்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு. கூப்பிடுவதும் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். மனு விசாரணை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது: தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் அழைக்க வேண்டும், விசாரணையில் நடந்ததை நிலையக் குறிப்பேட்டில் பதிய வேண்டும், வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது. உங்களைப் போனில் கூப்பிட்டார்கள், குறிப்பேட்டில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆகவே திங்கட்கிழமை நீங்கள் தனியாகப் போக வேண்டாம். எழுத்தில் அழைப்புக் கேளுங்கள். அது வந்த பிறகு ஒரு வழக்கறிஞரோடு போங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று யோசிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. உயர்நீதிமன்ற வளாகத்திலேயே மாநில ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

போகும்போது கையில் உங்கள் தாள் இருக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: "என் புகாரின் பேரில் நடவடிக்கை எடுக்கவும், மனு ரசீது தரவும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட தட்டச்சுத் தாளில் உள்ள செய்திகள் உண்மையல்ல என்பதால் கையெழுத்திட இயலாது. அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்." ஒருவரையும் திட்ட வேண்டாம், கவுன்சிலரின் ஊழல் என்று எதையும் எழுத வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போடாமல் வெளியே வந்து, அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் ஆய்வாளருக்கும் துணை ஆணையருக்கும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டேஷனில் புகாரைப் பதியவில்லை என்றால் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின் 4-வது உட்பிரிவின்படி மேலதிகாரிக்கு எழுதலாம். சென்னையில் அது துணை ஆணையர். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட். தபால் ரசீதுகள் இல்லாமல் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க முடியாது, அதனால்தான் அந்தச் சின்ன ரசீதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

"இது வெறும் மிரட்டல், நாங்களே எஃப்.ஐ.ஆர். போடுகிற பிரிவு இல்லையேம்மா" என்று சொல்லலாம். சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மிரட்டலுக்கான நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு, மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அப்போதும்கூட வந்த தகவலைப் பதிவேட்டில் எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும் என்பது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-வது பிரிவு. எழுதாமல் அனுப்புவதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. அந்த நான்கு பேர் கடைக்குள் அத்துமீறி நுழைந்தார்களா, உங்கள் வழியை மறித்தார்களா, பெண் என்று பார்த்து ஆபாசமாகப் பேசினார்களா என்பதையும் புகாரில் சேர்க்க வேண்டும். அவை நேரடியாக வழக்குப் பதியக் கூடிய குற்றங்கள். நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நடக்காத ஒரு வரியைச் சேர்த்தாலும் நடந்த பத்து வரியும் பொய்யாகத் தெரியும்.

"பையனைத்தானே சொன்னாங்க, உங்களை ஒண்ணும் சொல்லலையே" என்று ஸ்டேஷனில் கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 351-வது பிரிவைப் படித்தவர் அப்படிக் கேட்க மாட்டார். ஒருவருக்கு வேண்டியவரின் உடலுக்கோ பெயருக்கோ தீங்கு வரும் என்று சொல்லி, அவருக்குச் சட்டப்படி செய்ய உரிமையுள்ள காரியத்தைச் செய்யவிடாமல் தடுப்பதும் அந்தப் பிரிவுக்குள்தான் வருகிறது. மனுப் போடுவது உங்கள் உரிமையா என்றால், குறையைத் தீர்க்கக் கோரி எந்த அதிகாரிக்கும், நம் மொழியிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-வது கூறு சொல்கிறது. மிரட்டலுக்கு 2 வருடம் வரையிலும், கொலை அல்லது கொடுங்காயம் என்ற அளவுக்கு மிரட்டினால் 7 வருடம் வரையிலும் சிறைத் தண்டனை உண்டு.

புகார் எழுதும்போது ஒரு விஷயம். நம் பெண்கள் எல்லாரும் "தகாத வார்த்தைகளால் திட்டி மிரட்டினார்கள்" என்று எழுதுவார்கள். ஸ்டேஷன் ரைட்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "என்ன வார்த்தை?" என்பதுதான். அதற்குள் மூன்று வருடம் ஓடியிருக்கும், சாட்சி விழிப்பார். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே, கொச்சையாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். "நைட்டு எந்த ரூட்டுல வர்றான்னு தெரியும்" என்று எனக்கு எழுதினீர்களே, அதேபோல். யார் சொன்னார், மற்ற மூவரும் எங்கே நின்றார்கள், என்ன கிழமை, கடையில் அப்போது துணி கொடுக்க வந்திருந்தவர் யார், பைக் நம்பரில் ஞாபகம் இருக்கும் எண்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் இன்று ராத்திரியே எழுதி வையுங்கள். எதிர்க் கடையில் கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராக்களில் சில வாரத்தில் பதிவு தானாக அழிந்துவிடும். போனில் வந்த அழைப்பு, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், அது வந்த போனையும் மாற்றாதீர்கள். ஸ்டேஷனில் உங்களை உட்கார வைத்த நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உத்தரவிட்டது, பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தேதியின் பதிவை அழிக்காமல் வைக்கும்படி துணை ஆணையருக்கு எழுதும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

"சட்டம் ஒழுங்கு கெட்டுடும்மா, நீங்க கொஞ்சம் அமைதியா இருங்க" என்று சொன்னார்களாமே. ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கு எதிர்ப்பு வந்தபோது அரசு தரப்பு இதே காரணத்தைத்தான் சொன்னது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற பயத்துக்காகப் பேச்சுரிமையை நெரிக்க முடியாது, அது மிரட்டலுக்குச் சரணடைவதாகும், ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்கிறார்களா? 1994-இல் ராஜகோபால் வழக்கில் அதே நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பெயர் கெட்டதாகச் சொல்லி நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றது. வடிகாலுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டதில் எவருடைய மானமும் போகாது.

கடையைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். வீட்டு மின் இணைப்பிலேயே தையல் மெஷின் ஓடுகிறதா? உரிமம் புதுப்பித்து எத்தனை நாள் ஆயிற்று? வீட்டு வரி பாக்கி உண்டா? பொதுக் காரியத்துக்கு எழுந்து நிற்பவர்களை வீழ்த்தப் பெரிய குற்றம் தேவைப்படாது, இப்படிப்பட்ட சின்ன ஓட்டை போதும். அதை நாமே முதலில் அடைத்துவிட வேண்டும். சோதனைக்கு வந்தவர்கள் வாயால் சொன்னதற்கெல்லாம் பதறாதீர்கள், "நோட்டீஸ் குடுங்க சார், பதில் எழுதித் தர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். அதோடு, அன்றைய தினம் உங்கள் தெருவில் எத்தனை கடைகளில் உரிமச் சோதனை நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்கள் கடை ஒன்றில்தான் என்று அவர்களே எழுதிக் கொடுத்தால் பழிவாங்கலுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

நீங்கள் போட்ட மனுவுக்கு வருகிறேன். அந்த ஆட்கள் கொடுத்த கெடு திங்கட்கிழமை. சட்டம் கொடுத்திருக்கும் கெடுவைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 50 நாள் ஆகிவிட்டது என்றால் உங்களுக்கு இன்னும் சுமார் பத்து நாள்தான் இருக்கிறது. தொடர்வதா என்று இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் மேல்முறையீட்டை மட்டும் போட்டு வையுங்கள், கதவு திறந்திருக்கும். தேவையானபோது நீங்களே விட்டுவிடலாம். காரணமில்லாமல் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் மனுவின் நகல் வெளியே போனதற்கு யார் பொறுப்பு என்பதையும் அந்த மேல்முறையீட்டில் கேளுங்கள். கேட்டவருடைய முகவரியைக் கவுன்சிலரின் ஆட்களுக்குக் கைமாற்றுவது யாருக்கும் இருக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கோபப்படுத்திய வரி அந்த ஜெராக்ஸ் வரிதான். பைக்கில் வந்தவர்கள் ரவுடிகள் என்று ஒதுக்கிவிடலாம். அந்த நகலை எடுத்துக் கொடுத்தவர் நம் வரிப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். அதே கேள்வியை வேறு எந்தக் குடிமகனும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருவில் தண்ணீர் புகுந்த வீடுகளிலிருந்து பத்துப் பேர், இல்லை ஐந்து பேர், ஆளுக்கொரு மனு போடட்டும். வெளியூரில் இருக்கும் உங்கள் அண்ணன் தம்பிகூடப் போடலாம். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்த நகல், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்கள் கேளுங்கள். வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், போட்ட கான்கிரீட்டின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவில் உரிமை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஒரே பெயர் கோப்பில் இருக்கிற வரைக்கும் அந்தப் பெயரைத் தேடித்தான் வருவார்கள். ஆறு பெயர் இருந்தால் ஆறு வீட்டு வாசலுக்கும் பைக்கை விட வேண்டும்.

ஸ்டாண்டு விஷயத்தில் சட்டத்தைவிடச் சங்கம்தான் உதவும். உங்கள் கணவர் எந்தச் சங்கத்தில் இருக்கிறாரோ அங்கே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர்களில் இரண்டு பேர் அவர் பக்கம் நின்றாலே இது கரைந்துவிடும் என்பது என் அனுபவம்.

பையனைப் பற்றி எழுதும்போது எனக்கும் கை நிற்கிறது, நானும் பிள்ளை பெற்றவள். கொஞ்ச நாளைக்கு ராத்திரி தனியாக வரவிடாதீர்கள். நேரத்தை மாற்றுங்கள், நண்பனோடு வரட்டும், 112-ஐ போனில் முன்னால் வைத்திருக்கட்டும். அவனுக்குத் தெரியாமல் மறைக்காதீர்கள், நடந்தது முழுவதையும் சொல்லுங்கள். அவனைப் பற்றிய மிரட்டலைப் புகாரில் அவன் பெயரோடு எழுதிப் பதிவு செய்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. எழுத்தில் இருக்கும் பையன் மேல் கை வைக்கத் தயங்குவார்கள், யார் என்று முன்பே எழுதப்பட்டிருக்குமே. இத்தனைக்குப் பிறகும் உங்கள் இருவருக்கும் மனசு ஒப்பவில்லை, பிள்ளைதான் முக்கியம் என்று தோன்றினால் மனுவை நிறுத்திவிடுங்கள். நான் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கேள்வியை வேறொருவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அது உங்கள் வீட்டுக்குள் நீங்கள் எடுத்த முடிவாக இருக்கட்டும். அவர்களுக்கு அதைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பத்திரிகை அலுவலகத்தின் வழியாக உங்களுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கணவரையும் அழைத்து வாருங்கள். அந்தத் தட்டச்சுத் தாளின் அசல், தகவல் உரிமை மனுவின் நகல், மனு அனுப்பிய ரசீது, கடை உரிமம், மின் கட்டண அட்டை, நீங்கள் எழுதிய நோட்டு இவ்வளவும் வேண்டும். மேல்முறையீட்டை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். துணை ஆணையருக்கான கடிதத்தை நான் தயாராக வைத்திருக்கிறேன், பைக் நம்பருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.